மூச்சு மாஸ்டரின் அத்தாட்சி

என் அக்காவிடம் ‘டென்ஷன் ஆகாதே’ என்று சொல்லாத ஆள் எங்கள் தெருவில் பால் போடுகிறவர் ஒருவர்தான். அதுவும் அவருக்கு நின்று பேச நேரமில்லாததால். மற்றபடி மாமியார் சொல்வார், புருஷன் சொல்வார், வேலை இடத்தில் சூப்பர்வைசர் சொல்வார். எல்லாரையும்விடச் சத்தமாக, அடிவயிற்றிலிருந்து குரலை எடுத்து, புருஷனுடைய அண்ணன் சொல்வார். சொல்லி முடித்ததும் எல்லாருமாகச் சேர்ந்து அவள் தலையில் ஒரு மூட்டை டென்ஷனை இறக்கி வைத்துவிட்டுப் போவார்கள்.

அக்கா ஒரு கார்மெண்ட்ஸ் கம்பெனியில் சாம்பிள் டெய்லர். கீழே பெரிய ஹாலில் வரிசை வரிசையாக மிஷின்கள் ஓடும். ஒருத்தி காலையிலிருந்து காலர் மட்டும் தைப்பாள், பக்கத்தில் இருப்பவள் கை மட்டும், அடுத்தவள் பட்டன் மட்டும். எந்தச் சட்டையில் எது போய் ஒட்டுகிறது என்று யாருக்கும் தெரியாது, தெரிய வேண்டியதும் இல்லை. மாடியில் சாம்பிள் ரூம். அங்கே ஒரே ஆள் முழுச் சட்டையையும் தைக்க வேண்டும். அதை ஆர்டர் கொடுக்கிற வெளிநாட்டு பையர் வாங்கி, புரட்டி, தையலை இழுத்துப் பார்த்து, சரி என்று சொன்னால்தான் கீழே இருக்கிற அத்தனை மிஷினுக்கும் வேலை. அந்த நாற்காலிக்கு அக்கா காலர் லைனிலிருந்து ஏறி வந்தாள். எனக்கும் கீழே கட்டிங் மேஜையில் இடம் பிடித்துக் கொடுத்தாள். அவள் வீட்டு மாடி அறையில்தான் எனக்கு ஜாகையும்.

சாம்பிள் ரூம் சூப்பர்வைசருக்கு நாங்கள் வைத்த பெயர் அர்ஜென்ட். அவர் வாயில் அந்த வார்த்தை இல்லாமல் ஒரு வாக்கியம் வந்ததில்லை.

“அம்மா, இது அர்ஜென்ட். சாயங்காலம் பையருக்குக் காட்டணும். ஆனா நீ டென்ஷன் ஆகாதே.”

“ஆகல சார். நாளைக்கு மத்தியானம் தரேன்.”

“ஐயையோ, நாளைக்கா! என் வேலை போயிடும்மா!”

“இப்ப யாரு சார் டென்ஷன் ஆகறது?”

அப்படிப்பட்ட வாய் அவளுக்கு. கை அதைவிட வேகம்.

அந்தக் கைதான் ஒருநாள் காலையில் மடங்க மாட்டேன் என்றது. பற்பசையைப் பிதுக்க முடியவில்லை. ஏதோ சுளுக்கு என்று நினைத்தாள். இரண்டு கையும் ஒரே மாதிரி, ஒரே விரல்களில், சொல்லி வைத்ததுபோல வீங்கின. பெரிய ஆஸ்பத்திரியில் மூட்டு டாக்டரம்மா ரத்தம் எடுத்துப் பார்த்து, முடக்குவாதம் என்று சொன்னார். உடம்பைக் காக்க வேண்டிய எதிர்ப்புச் சக்தி ஆள் தெரியாமல் சொந்த மூட்டையே எதிரி என்று நினைத்து அடிக்கிறதாம். மாத்திரை கொடுத்தார். சில மாதங்களில் அடங்கியது. அக்கா பழையபடி தைத்தாள். பெண் பார்க்க வந்தபோதும் மறைக்காமல் சொன்னாள். மாப்பிள்ளை வீட்டார், “விரல் வலிதானே, யாருக்குத்தான் இல்ல” என்று பெருந்தன்மையாகப் பிஸ்கட்டைத் தேநீரில் நனைத்தார்கள்.

அத்தான் நல்லவர். ஆனால் அவருக்கென்று சொந்தமாக ஒரு கருத்து இருந்து நான் பார்த்ததில்லை. காலையில் எந்தச் சட்டை போடுவது என்பதைத் தவிர மற்ற எல்லாவற்றுக்கும் “அண்ணன்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுக்கிறேனே” என்பார். சட்டையையும் சில நாள் கேட்டிருக்கலாம், எனக்குத் தெரியாது.

அந்த அண்ணன்தான் மூச்சு மாஸ்டர். முதலில் இன்ஷூரன்ஸ் விற்றார். அப்புறம் தண்ணீர் ஃபில்டர். பிறகு எங்கேயோ ஒரு வாரக் கடைசியில் பயிற்சி முகாமுக்குப் போய்விட்டு வந்து காற்றை விற்க ஆரம்பித்தார். மூலப்பொருள் இலவசம், யாரும் ரிப்பேர் என்று திருப்பிக் கொண்டுவரவும் மாட்டார்கள். டயர் கடைக்கு மேலே ஒரு ஹாலை வாடகைக்கு எடுத்து ஞாயிற்றுக்கிழமைகளில் வகுப்பு. அவர் கொள்கை சின்னது: எல்லா நோயும் டென்ஷன், எல்லா மருந்தும் மூச்சு. தலைவலியா? டென்ஷன். தைராய்டா? டென்ஷன். விழுந்து கால் உடைந்ததா? “ஏன் விழுந்தே? மனசு நிதானமா இருந்தா கால் ஏன் வழுக்குது?” இவரே தினமும் டிபன் முடித்ததும் ஒரு பிரஷர் மாத்திரையை வாயில் போட்டுக்கொள்வார். கேட்டால், “இது வேற. இது பரம்பரை.”

கல்யாணமான மறு வருடம் அக்கா உண்டானாள். அதற்கு முன்பே டாக்டரம்மா மாத்திரையை மாற்றி, கர்ப்பத்துக்குத் தீங்கு செய்யாத லேசானதைக் கொடுத்திருந்தார். மாதங்கள் ஏற ஏற ஓர் ஆச்சரியம் நடந்தது. அந்த லேசான மாத்திரையில் மறுபடி தலைகாட்டியிருந்த வீக்கம் வற்றியது. காலையில் எழுந்ததும் விரல் மடங்கியது. வயிற்றைத் தள்ளிக்கொண்டு உட்கார்ந்து அவள் தைத்த சட்டைகளைப் போல அதற்கு முன்பு தைத்ததே இல்லை.

“இது லீவு மாதிரிம்மா, நிறைய பேருக்கு இப்படி ஆகும்” என்று டாக்டரம்மா கிளிப்பிள்ளைக்குச் சொல்வதுபோலச் சொன்னார். “பிரசவத்துக்கு அப்புறம் திரும்பி வரும். மாத்திரையை விடாதே. பிள்ளை பொறந்ததும் என்னை வந்து பாரு.”

அக்கா அதை வீட்டில் வந்து சொல்லவும் செய்தாள். யார் காதில் விழுந்தது? மாஸ்டர் கண்ணை மூடி, மூக்கை விடைத்து, “எல்லாம் நான் சொல்லிக் குடுத்த நாலு மூச்சுப் பயிற்சிம்மா” என்றார். அவள் அதைச் செய்தது மொத்தமே இரண்டு தடவை. ஒரு தடவை நடுவில் தூங்கிவிட்டாள்.

அன்றிலிருந்து மாஸ்டருக்கு அவள்தான் அத்தாட்சி. வகுப்புக்கு வகுப்பு கதை வளர்ந்தது. “என் தம்பி சம்சாரம், கையே விளங்காம கிடந்தவ” என்று தொடங்கி, அவள் படுத்த படுக்கையாகக் கிடந்ததாகவும், டாக்டர்கள் கையை விரித்துவிட்டதாகவும் போயிற்று. அக்காவுக்கும் இதில் பங்கு உண்டு, அதையும் சொல்லிவிடுகிறேன். சுகமாக இருக்கிறபோது மாத்திரை எதற்கு என்று அந்த லேசானதையும் அவளாகவே நிறுத்தினாள். இத்தனைக்கும் தையலில் ஒரு நூல் பிசிறினாலும் பிரித்துத் தைக்கிறவள்.

பெண் குழந்தை பிறந்தது. சில வாரங்கள் நன்றாகப் போயின. டாக்டரிடம் போகும் நாள் வந்தபோது, “நல்லா இருக்கறவளை ஏன் ஆஸ்பத்திரி வாசல்ல நிறுத்தறே?” என்று மாஸ்டர் தம்பியைக் கேட்டார். தம்பிக்கு அதற்குமேல் என்ன வேண்டும்? அடுத்த வாரம் போகலாம் என்றார். அடுத்த வாரம் வரவே இல்லை.

வலி வந்தது. முன்பு வந்தது ஒத்திகை என்று சொல்லலாம் போல வந்தது. மணிக்கட்டு, விரல், முட்டி, பாதம். குழந்தையின் சட்டைப் பட்டனைப் போட முடியாமல் அழுதாள். முழங்கையில் ஏந்தித்தான் பால் கொடுத்தாள். அந்த நேரம் பார்த்துப் பிரசவ லீவு முடிந்து வேலைக்குப் போக வேண்டியிருந்தது. பகலில் குழந்தைக்குப் புட்டி, அக்காவுக்கு அர்ஜென்ட்.

வீட்டில் சபை கூடியது. மாமியார்தான் முதலில் நோயின் மூலத்தைக் கண்டுபிடித்தார்.

“ஏம்மா, வயித்துல பிள்ளை இருந்தப்ப வலி இருந்துச்சா?”

“இல்ல அத்தை.”

“இப்ப வயிறு காலி. வலி வந்துடுச்சு. அப்ப என்ன அர்த்தம்? சட்டுனு இன்னொண்ணு தாங்கிட்டியானா எல்லாம் சரியாயிடும்.”

“அதுவும் பொறந்துடுமே அத்தை, அப்புறம்?”

“அப்புறம் என்ன, இன்னொண்ணு.”

“கை வலி போறதுக்கு நான் ஒரு பள்ளிக்கூடத்தையே பெத்துத் தரணும் போலிருக்கே!”

“பாரு, பாரு, எப்படி டென்ஷன் ஆவுறா பாரு” என்றார் மாஸ்டர், ஏதோ அதிசயப் பறவையைக் காட்டுவதுபோல. “இதாம்மா உன் வியாதி. அம்மா சொல்றதுல ஒரு விஞ்ஞானம் இருக்கு. யோசிச்சுப் பாரு.”

அத்தான் யோசித்தார். அதாவது அண்ணன் முகத்தைப் பார்த்தார்.

நான்தான் தொணதொணத்து அக்காவையும் அத்தானையும் ஆஸ்பத்திரிக்கு இழுத்துக்கொண்டு போனேன். டாக்டரம்மா அவள் விரல்களை ஒவ்வொன்றாக அழுத்திப் பார்த்தார். எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் பிடித்தார். எலும்பின் ஓரத்தில் எலி கடித்ததுபோலச் சின்னதாக ஓர் இடம்.

“ஏம்மா வரல?”

அக்கா தலையைக் குனிந்துகொண்டாள். அத்தான் மேலே சுற்றாத ஃபேனைப் பார்த்தார்.

“வயித்துல பிள்ளை இருக்கறப்ப உடம்பு தன்னோட எதிர்ப்புச் சக்தியைக் கொஞ்சம் அடக்கி வைக்கும்” என்றார் டாக்டரம்மா. “இல்லேன்னா பிள்ளையையே வெளி ஆளுன்னு நினைச்சுடும். அதுக்குன்னு ஹார்மோன் எல்லாம் ஏறும். அந்தச் சமயம் மூட்டும் தப்பிச்சுக்கும். பிள்ளை வெளியே வந்ததும் அந்த ஹார்மோன் மளமளன்னு இறங்கிடும். அடங்கிக் கிடந்தது எழுந்து பழைய வேலையைப் பாக்கும். புரியுதா?”

“அப்ப டென்ஷன்?” என்றார் அத்தான். அண்ணன் சொல்லி அனுப்பிய கேள்வி. “டென்ஷன்தான் காரணம்னு சொல்றாங்களே டாக்டர்?”

“டென்ஷனுக்கும் பங்கு உண்டு, இல்லைன்னு சொல்ல மாட்டேன். தூக்கம் இல்ல, ஓய்வு இல்ல, மனசுல பாரம்னா வலி ஏறும். பதட்டமானா உடம்பு ஒரு ஹார்மோனைச் சுரக்கும். அது வீக்கத்தை அடக்கவும் செய்யும். ஆனா நாள் கணக்கா, மாசக் கணக்கா பதட்டமாவே இருந்தா உடம்பு அந்த ஹார்மோன் சொல்றதைக் கேக்கறதை விட்டுடும். வீட்டுல ஒருத்தர் காலையிலேருந்து ராத்திரி வரை அறிவுரை சொல்லிட்டே இருந்தா கொஞ்ச நாள்ல யாரு காது கொடுப்பாங்க?”

“நாங்க கொடுக்கறோம் டாக்டர்” என்றாள் அக்கா. “அதான் கஷ்டமே.”

டாக்டரம்மா சிரித்துவிட்டு உடனே சிரிப்பை நிறுத்தினார். “மனசு லேசா இருந்தா நல்லது. மூச்சுப் பயிற்சி பண்ணு, வேண்டாங்கல. ஆனா மாத்திரைக்குப் பதிலா இல்ல. லேசான மருந்து இனிமே போதாது. வாரத்துக்கு ஒரு தடவை போடற மாத்திரை ஒண்ணு எழுதறேன். போடறதுக்கு முன்னாடி தாய்ப்பாலை நிறுத்தணும். அதைப் போட்டுக்கிட்டு இருக்கற வரைக்கும் பிள்ளை உண்டாகவே கூடாது. அப்புறம் வேணும்னா என்கிட்ட வா, மாத்தித் தரேன். மருந்து வேலை செய்ய சில வாரம் ஆகும். தள்ளிப் போட்டா அந்த எலும்பு திரும்ப வராது.”

சீட்டை வாங்கியது அத்தான். நான்காக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

வெளியே வந்ததும், “அண்ணன்கிட்ட ஒரு வார்த்தை...” என்றார்.

அந்தச் சீட்டு பையிலேயே கிடந்தது. மாமியாருக்குப் பேரன் வேண்டும், அண்ணனுக்கு அத்தாட்சி வேண்டும், தம்பிக்கு வீட்டில் சத்தம் வரக்கூடாது. அக்காவுக்குக் கை வேண்டும். அதை ஒரு தேவையாகவே அங்கே யாரும் எடுத்துக்கொள்ளவில்லை.

சாம்பிள் ரூமில் அவள் தைத்த ஒரு சட்டையின் காலர் முனை திரும்பி நின்றது. பையர் விரலால் அதைச் சுண்டிவிட்டு மேஜையில் போட்டார். அர்ஜென்ட் அக்காவைத் தனியாக அழைத்துத் தேன் ஒழுகப் பேசினார்.

“அம்மா, இந்த சீசன் முடியற வரைக்கும் பாப்பேன். கை சரியாகலேன்னா கீழ பட்டன் மிஷின்ல உக்காந்துக்கோ. அது டென்ஷன் இல்லாத வேலை.”

“காலம் பூரா பட்டனா சார்?”

“உன் நல்லதுக்குத்தான்மா சொல்றேன்.”

அன்றைக்கு மத்தியானம் அவள் என் கட்டிங் மேஜைப் பக்கம் வந்து நின்றாள். “டேய், அந்தச் சீட்டை அவர் பையிலேருந்து திருடிக் குடுடா” என்றாள். சிரித்துக்கொண்டுதான் கேட்டாள். கண் சிரிக்கவில்லை. “வேணாம். நானே கேட்டு வாங்கிக்கறேன்” என்று அவளே சொல்லிவிட்டுப் போனாள். பகலில் இருந்த புட்டியை அந்த வாரமே ராத்திரிக்கும் ஆக்கி, தாய்ப்பாலை நிறுத்தினாள். மாமியார் கேட்டதற்கு, “கை தூக்க முடியல அத்தை” என்று மட்டும் சொன்னாள்.

ஞாயிற்றுக்கிழமை டயர் கடை மேல் ஹாலில் மாஸ்டரின் சிறப்பு வகுப்பு. அத்தாட்சி நேரில் வர வேண்டும் என்று கட்டளை. அக்கா வருகிறேன் என்றதும் எனக்கே தூக்கிவாரிப்போட்டது. நான் குழந்தையைத் தூக்கிக்கொண்டு பின்னால் போனேன்.

பாய் விரித்துப் பெண்கள் உட்கார்ந்திருந்தார்கள். மாஸ்டர் மைக்கைப் பிடித்து, இருமி, குரலைக் குழைத்தார். “இழு... நிறுத்து... விடு... டென்ஷனை விடு... மாத்திரையை விடு...” கீழே யாரோ டயருக்குக் காற்றடித்துக்கொண்டிருந்தார்கள். அந்தச் சத்தத்தில் இவருடைய வகுப்புக்கு வேண்டிய பின்னணி தானாகக் கிடைத்தது.

அக்கா ஓரமாக உட்கார்ந்தபோது பக்கத்துப் பாய்க்காரி அவள் பக்கம் சரிந்தாள். பள்ளிக்கூட பஸ்ஸில் ஆயா வேலை பார்க்கிறவள். முகம் ஊதியிருந்தது, குரல் கம்மியிருந்தது.

“நீங்கதானா அது? உங்க கதையைக் கேட்டுத்தாங்க நானும் தைராய்டு மாத்திரையை நிறுத்தினேன். எனக்கும் உங்களை மாதிரிதான், உடம்பே உடம்பை அடிக்குதுன்னு டாக்டர் சொன்னாரு. எத்தனை நாள்ல உங்களுக்குச் சரியாச்சு? எனக்கு இன்னும் அசதி போகல. பஸ்லயே தூங்கி விழறேன். பிள்ளைங்களை எண்ணி இறக்கணும் நான்.”

அக்காவின் முகத்தில் ரத்தம் ஏறியதை நான் பார்த்தேன்.

“இதோ, நம்ம கண்ணெதிரே!” என்று மாஸ்டர் கையை நீட்டினார். “வாம்மா. கையைத் தூக்கு. விரலை மடக்கிக் காட்டு எல்லாருக்கும்.”

அக்கா முன்னால் போய்க் கையைத் தூக்கினாள். மடக்கினாள். பாதி தூரத்தில் விரல்கள் நின்றுவிட்டன. அப்படியே வைத்துக்கொண்டு ஹால் முழுக்கத் திரும்பிக் காட்டினாள்.

“இவ்வளவுதான் மடங்கும்” என்றாள். “மூச்சால எனக்கு வலி போகல. வயித்துல பிள்ளை இருந்துச்சு, அதனால போச்சு. பிள்ளை பொறந்ததும் வந்துடுச்சு. நானும் மாத்திரையை நிறுத்தினேன், இப்ப எலும்பு அரிச்சிருக்கு. மூச்சு விடுங்க, நல்லதுதான். என்னைக் காட்டி யாராவது மாத்திரையை நிறுத்தியிருந்தீங்கன்னா, தயவுசெஞ்சு நாளைக்கே டாக்டரைப் பாருங்க.”

மாஸ்டர் மைக்கைப் பிடுங்கவில்லை. அந்த அளவுக்கு அவர் கெட்டிக்காரர். பரிதாபமாகச் சிரித்தார். “பாத்தீங்களா? இதுக்குப் பேர்தான் டென்ஷன். இழு... நிறுத்து...”

பாதிப் பேர் இழுத்தார்கள், நிறுத்தினார்கள். மனிதர்கள் அப்படித்தான். ஆனால் பஸ் ஆயா பாயைச் சுருட்டிக்கொண்டு எழுந்தாள். அவள் பின்னால் இன்னும் இரண்டு பேர் செருப்பைத் தேடினார்கள்.

நாங்கள் வீட்டுக்கு வந்து சேர்வதற்குள் மாஸ்டர் எங்களுக்கு முன்னால் வந்து கூடத்தில் உட்கார்ந்திருந்தார். அவருக்கு மூச்சு வாங்கிக்கொண்டிருந்தது. மாமியார் முகத்தைத் தூக்கி வைத்திருந்தார்.

“நாலு பேர் முன்னாடி என் மானத்தை வாங்கிட்டாடா உன் பொண்டாட்டி!”

“டென்ஷன் ஆகாதீங்க மாமா” என்றாள் அக்கா. பிறகு புருஷனிடம் திரும்பினாள். “ஏங்க, சீட்டைக் குடுங்க.”

“அண்ணன் இப்ப கோவமா இருக்காரு...”

“இருக்கட்டும். சீட்டு.”

அவர் பையிலிருந்து எடுத்துக் கொடுத்தார். அவள் அதை என்னிடம் கொடுத்தாள். தெருமுனை மருந்துக்கடைக்குப் போய்த் திரும்பி வந்தேன். கூடத்தில் யாரும் இடத்தைவிட்டு அசைந்திருக்கவில்லை.

“இதைப் போட்டா பிள்ளை உண்டாகக் கூடாதாமே” என்றார் மாமியார். “என் பேரனுக்கு என்னடி வழி?”

“எனக்கும் இவருக்கும் வேணும்னு தோணினா அப்ப பாத்துக்கறோம் அத்தை. மூட்டு வலிக்கு மருந்துன்னு ஒரு பிள்ளையைப் பெக்க மாட்டேன்.”

மாத்திரை அட்டையைக் கையில் எடுத்துக் கட்டை விரலால் அழுத்தினாள். முடியவில்லை. இன்னொரு விரலால் பார்த்தாள். நான் வாங்கப் போனேன். கண்ணாலேயே என்னைத் தள்ளி நிறுத்தினாள். அட்டையைப் புருஷன் முன்னால் நீட்டினாள்.

“நீங்க எடுத்துக் குடுங்க.”

அத்தான் அட்டையைப் பார்த்தார். அம்மாவைப் பார்த்தார். வழக்கம்போல அண்ணனைப் பார்த்தார். மாஸ்டர் கண்ணை மூடி, மார்பை நிமிர்த்தி, மூச்சை நிறுத்தி வைத்திருந்தார். கேட்பதற்கு அங்கே ஆள் இல்லை. அக்காவின் கை நீட்டியபடியே இருந்தது. அதைத்தான் அத்தான் முதல் முறையாகக் கவனித்துப் பார்த்தார் என்று நினைக்கிறேன். வீங்கிய கணுக்களை, நிமிராத நடுவிரலை.

அட்டையை வாங்கி அழுத்தினார். சின்னதாக ஒரு சத்தம். மாத்திரை அவர் உள்ளங்கையில் விழுந்தது. எழுந்துபோய்த் தண்ணீரும் அவரே கொண்டுவந்தார்.

இதைப் பெரிய வீரம் என்று சொல்ல நான் தயாராக இல்லை. கல்யாணமாகி இத்தனை நாளில் ஒரு மாத்திரையைப் பிதுக்கிய புருஷன், அவ்வளவுதான். அக்காவும் நன்றி எதுவும் சொல்லவில்லை. விழுங்கிவிட்டு, உள்ளே அழ ஆரம்பித்த குழந்தையின் பக்கம் தலையை அசைத்தாள்.

“புட்டி அடுப்புக்குப் பக்கத்துல இருக்கு. முதல்ல கையைக் கழுவுங்க.”

“தண்ணி எவ்வளவு, பவுடர் எவ்வளவு? அண்ணன்...” என்று ஆரம்பித்தவர் பாதியில் வாயை மூடிக்கொண்டார். டப்பாவைத் திருப்பி, அதன் முதுகில் எழுதியிருந்ததை விரல் வைத்துப் படித்துக்கொண்டே அடுப்படிக்குள் போனார்.